கருவாழைக் கிழங்கும் காவிரிக் கரைக் கன்றும்

என் அத்தா வாழைத்தார் வியாபாரி. கொல்லிமலை அடிவாரத்தில், பேளுக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் மண்டி இருந்தது. மலைமேல் விளையும் வாழையும் மிளகும் எங்கள் லாரியில் இறங்கி, அங்கிருந்து சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் போகும். தொண்ணூறுகளின் கடைசியில், நான் நுண்ணுயிரியல் முதுகலை கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, மழைக்காலத்து ஒரு காலையில் அந்த லாரி பாதிக்கு மேல் காலியாக இறங்கி வந்தது.

அத்தா அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது நான் கல்லூரி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மலைமேல் குண்டனி நாட்டு ஊர்களில் வாழையெல்லாம் காற்றே இல்லாமல் சாய்கிறதாம். தார் முற்றுவதற்கு முன்பே, கழுத்தைத் திருகியதுபோல அடியோடு ஒடிந்து விழுகிறதாம். இதைச் சொல்லிவிட்டு அவர் கொஞ்சநேரம் தேநீரைக் குடிக்காமல் வைத்திருந்தார். பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். நோய் வந்ததற்கு அவர்தான் காரணம் என்று மலையில் பேசிக்கொள்கிறார்களாம்.

அந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் இருந்தது. மலையில் அதுவரை பயிரானது கருவாழை. காய் சிறியது, தாரும் சிறியது. கனமான தார் வேண்டும் என்று சந்தையில் கேட்கிறார்கள் என்பதால், இரண்டு மழைக்கு முன் அத்தா காவிரிக் கரைத் தோட்டம் ஒன்றிலிருந்து மோரீஸ் வாழைக் கன்றுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே கொடுத்திருந்தார். முதல் வருடம் விளைச்சல் நன்றாக இருந்தது. இரண்டாம் வருடம்தான் சாயத் தொடங்கியது.

எனக்கு அப்போது ஆய்வுத் தலைப்பு ஒன்று தேவைப்பட்டது. உடன் படித்தவர்கள் தயிரையும் குடிநீரையும் எடுத்திருந்தார்கள். நான் எதையும் எடுக்காமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். எதிலும் மனம் நிற்காது. நூலகத்தில் உட்கார்ந்தால் ஆய்வகத்துக்குப் போகத் தோன்றும், ஆய்வகத்துக்குப் போனால் வெளியே வரத் தோன்றும். அன்றைக்கு என் வழிகாட்டியான பேராசிரியையிடம் சாயும் வாழையைப் பற்றிச் சொன்னேன். அவர் அதிகம் கேட்கவில்லை. சாய்ந்த மரத்தின் கிழங்கு ஒன்றைக் கொண்டு வா, மற்றதைப் பிறகு பேசலாம் என்றார்.

அத்தாவே லாரியில் கூட்டிப் போனார். காரவள்ளி தாண்டி வளைவுகளில் ஏறும்போது அவர் வெளியே சரிவுகளையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் வந்ததும் இறங்காமல், நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். முன்பெல்லாம் அவர் இறங்கினால் நாற்காலி வரும், மோர் வரும். அன்று யாரும் லாரிப் பக்கம் வரவில்லை.

முதலில் வாழை சாய்ந்தது ஒரு பெண்ணின் கொல்லையில். நாற்பது வயது இருக்கும். கணவர் இருந்தாலும் வாழை விஷயத்தில் அவள் சொல்தான் எடுபடும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். சாய்ந்த மரத்தின் அடியைத் தோண்டிக் கிழங்கை வெளியே புரட்டி, அரிவாளால் இரண்டாகப் பிளந்தாள். அழுகிய மீனும் புளித்த மாவும் சேர்ந்ததுபோல ஒரு நாற்றம். உள்ளே கிழங்கே இல்லை. வெளுத்த கூழும், அதன் நடுவில் அலசிய தேங்காய் நார்போல இழைகளும்தான் இருந்தன. நான் அதைப் புட்டியில் அள்ளும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“உங்கத்தா கொண்டாந்த கன்னுலருந்துதான் இது வந்துச்சு” என்றாள். “அதையுஞ் சேத்துப் பாரு கண்ணு.”

குரலில் சண்டை இல்லை. பார்க்கிறேன் என்று தலையாட்டினேன். வாய்க்கால் ஓரமாகக் கருவாழை ஒன்றும் சாய்ந்து கிடந்தது. அதிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.

இறங்கும் வழியில் அவள் என்ன சொன்னாள் என்று அத்தா கேட்டார். சொன்னேன். மழை அதிகம், தண்ணீர் நின்றுவிட்டது, வேறொன்றும் இல்லை என்றார் அவர். அதையே அடிவாரம் வருவதற்குள் இன்னொரு முறையும் சொன்னார்.

ஆய்வகத்தில் அந்தக் கூழிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுக்க வெகுநேரம் ஆகவில்லை. அதற்கென்று ஒரு தட்டு தயாரிப்பார்கள். கொய்யா ஜாமை உறைய வைக்கிறதே பெக்டின், அதையே கொண்டு பாளம்போல உறைய வைத்த தட்டு. செடியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சுவர் உண்டு. ஒரு சுவரையும் அடுத்த சுவரையும் ஒட்டிவைத்திருப்பது இந்தப் பெக்டின்தான். பாக்டீரியாவுக்குப் பல் கிடையாது. அது நொதிகளைக் கக்குகிறது; நொதி பெக்டின் சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்குகிறது; ஒட்டு விட்டுப்போனதும் செல்கள் சரிந்து கூழாகின்றன. உள்ளிருக்கும் சர்க்கரை பாக்டீரியாவுக்கு உணவு. நொதிக்கு மசியாத முரட்டு நார் மட்டும் மிஞ்சுகிறது. மலையில் நான் கையில் அள்ளியது இதைத்தான்.

மறுநாள் காலை தட்டைத் திறந்தபோது பாக்டீரியா வளர்ந்த இடமெல்லாம் குழி விழுந்திருந்தது. மழைத்துளி விழுந்த புழுதிபோல வட்ட வட்டமான குழிகள். புத்தகத்தில் படித்திருந்தும், கண்ணால் பார்த்தபோது தட்டை மேசையில் வைக்க முடியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். அத்தனை பெரிய மரத்தைச் சாய்ப்பது இதுதானா என்று இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு உட்கார முடியாத மாதங்கள். நோய்க்கிருமியைத் தட்டில் தேய்த்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். இன்குபேட்டரைத் திறக்கக்கூடாது என்று தெரிந்தும் திறப்பேன். புது நூற்றாண்டு பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுவிடும் என்று பேப்பரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கரண்டும் நின்றுவிட்டால் என் தட்டுகள் என்னாகும் என்று கவலைப்பட்டேன். வீட்டில் வேறொரு அவசரம். ஆத்தூரிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ரமலானுக்கு முன் பேசி முடித்துவிட வேண்டும் என்று அம்மா நின்றார். ஆய்வு முடியட்டும் என்று நான் நின்றேன்.

ஒருநாள், மலையிலிருந்து கொண்டுவந்திருந்த நோயில்லாத கன்றுகளில் இரண்டு ரகக் கிழங்கையும் வட்டத் துண்டுகளாக நறுக்கி, நடுவில் கிருமியைத் தடவி வைத்தேன். மோரீஸ் துண்டுகள் எதிர்பார்த்தபடி கரைந்து ஓடின. கருவாழைத் துண்டுகளில் நடு மட்டும் கரைந்திருந்தது. அதைச் சுற்றி மோதிரம்போல ஒரு பழுப்பு வளையம். வளையத்துக்கு வெளியே கிழங்கு வெள்ளையாக, இறுக்கமாக, அப்படியே இருந்தது.

பேராசிரியையிடம் ஓடினேன். அவர் அந்தத் துண்டை ஊசியால் குத்திப் பார்த்தார். பிறகு, கிருமி வளர்ந்த நீரிலிருந்து கிருமியை வடிகட்டி எடுத்துவிட்டு நொதியுள்ள நீரை மட்டும் ஒரு துண்டில் விடு, அதே நீரைக் கொதிக்க வைத்து இன்னொன்றில் விடு என்றார். செய்தேன். கிருமியே இல்லாத அந்த நீர்பட்ட துண்டிலும் பழுப்பு வளையம் வந்தது. கொதித்த நீர்பட்டது சும்மா கிடந்தது. கொதித்தால் நொதி செத்துவிடும். ஆகக் கருவாழையை எழுப்பியது கிருமியல்ல, நொதியின் வேலைதான். பேராசிரியை அதை எனக்கு விளக்கினார். நொதி நறுக்கிப்போட்ட பெக்டின் துண்டுகளே செடிக்குச் சேதி. துண்டு மிகச் சிறியதாகிவிட்டால் செடிக்குத் தெரியாது. நீளமாக இருந்தாலும் தெரியாது. இடைப்பட்ட அளவில் தன் சுவரின் துண்டு ஒன்று மிதந்து வந்தால், எங்கோ சுவர் உடைகிறது என்று செடி அறிந்துகொள்கிறது. உடனே அங்கே சுவரைத் தடிப்பாக்குகிறது, நஞ்சைச் சுரக்கிறது. பாக்டீரியாவும் இதை அறியாததல்ல. கூட்டம் சேரும்வரை நொதியைக் கக்காமல் அடங்கியிருக்கும், சேர்ந்ததும் ஒரேயடியாகக் கக்கும். செடி விழிப்பதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும்.

திரும்பச் செய்து காட்டு என்றார். அடுத்த வாரம் திரும்பச் செய்தேன். வளையம் வரவில்லை. எல்லாத் துண்டுகளும் ஒன்றுபோலக் கரைந்து நாறின. மறுபடியும் செய்தேன். மறுபடியும் அப்படித்தான். முதல்முறை நான் பார்த்தது என்ன என்றே சந்தேகம் வந்துவிட்டது. அந்த நாட்களில் சோறு இறங்காது. யாராவது கூப்பிட்டால் எரிச்சல் வரும். கடைசியில் பேராசிரியைதான் கிழங்கை முகர்ந்து பார்த்துவிட்டு, இது எடுத்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டார். பழசாகி வாடிய கிழங்கிடம் எதிர்ப்பை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். புதிய கிழங்கு வேண்டும். அதற்கு மலைக்குத்தான் போக வேண்டும்.

இந்த முறை அத்தாவைக் கேட்கவில்லை. அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். மழை விடாமல் பெய்தது. வளைவு ஒன்றில் மண் சரிந்து பஸ் நின்றுவிட, மண்ணை அள்ளித் தள்ளும்வரை எல்லோரும் நனைந்துகொண்டே ரோட்டோரத்தில் நின்றோம். ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணின் கொல்லையில் இன்னொரு மூலையும் சாய்ந்து கிடந்தது. நல்ல கருவாழை மரம் ஒன்றின் கிழங்கு வேண்டும் என்று கேட்டதும் அவள் கணவர் மறுத்துவிட்டார். கெட்டது போதாதென்று நல்லதையும் வெட்டிக் கெடுக்க வேண்டுமா என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. கத்தியாலும் இந்த நோய் பரவும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட் விளக்கில் காட்டுவேன் என்று சொல்லி, கொண்டுபோயிருந்த விளக்கைக் கொளுத்திக் காட்டினேன்.

அந்தப் பெண் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

“எடுத்துக்க சாமி. ஆனா என்ன தெரிஞ்சாலும் எங்ககிட்டயும் வந்து சொல்லோணும். உங்கத்தாகிட்ட மட்டுஞ் சொல்லிப்போட்டு இருந்தரக் கூடாது.”

அம்மா என்னைப் பார்த்தார். வந்து சொல்கிறேன் என்றேன்.

புதிய கிழங்கில் வளையம் வந்தது. எல்லாத் துண்டிலும் அல்ல. ஆனால் பெரும்பாலானவற்றில் வந்தது. வந்த இடத்தில் கிருமியை ஓரமாக மறுபடி வைத்துப் பார்த்தேன். அது உள்ளே போகவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. எனக்கோ அந்தப் பெண்ணின் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. நோய் எங்கிருந்து வந்தது?

மலையில் எடுத்த கிருமிகளை இன்குபேட்டரில் சூட்டைக் கூட்டி வளர்த்துப் பார்த்தேன். மோரீஸ் கிழங்கிலிருந்து வந்தவை அந்தச் சூட்டிலும் கொழுகொழுவென்று வளர்ந்தன. வாய்க்கால் ஓரத்துக் கருவாழையிலிருந்து வந்தது வளரவே இல்லை. இரண்டும் வேறு வகை. குளிர்ந்த மலையில் சூடு தாங்கும் வகை எப்படி வந்தது என்பதற்கு, கன்று எடுத்த தோட்டத்துக் கிழங்கைப் பார்த்தாக வேண்டும். அது எந்தத் தோட்டம் என்று அத்தாவிடம் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, சாக்கில் சுற்றிய சில கன்றுகளை மண்டி வாசலில் என் முன்னால் இறக்கி வைத்தார். அவரே காவிரிக் கரைக்குப் போய் வந்திருந்தார்.

“பாத்துக்க” என்றார். அவ்வளவுதான்.

கன்றுகள் வெளியே பார்க்க நன்றாக இருந்தன. கிழங்கை அறுத்தபோது இரண்டொன்றில் நீர் கோத்ததுபோல மங்கலான புள்ளிகள். அதிலிருந்து வந்த பாக்டீரியா சூட்டில் வளர்ந்தது. பாளத்தில் அதே குழிகளை இட்டது. நான் போட்ட சோதனை ஒவ்வொன்றிலும் மலையின் மோரீஸ் கிருமியோடு சேர்ந்தே நின்றது. பேராசிரியை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒத்துப்போகிறது என்று எழுது, அங்கிருந்துதான் வந்தது என்று எழுதாதே என்றார். எழுத்தில் அந்த வித்தியாசம் சரிதான். வீட்டுக்குப் போனதும் அதை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் தெரியவில்லை. ஒரு நிறுத்தம் முன்பாகவே இறங்கி நடந்தேன்.

அத்தா பிற்பகல் தொழுகை முடித்து மண்டியில் உட்கார்ந்திருந்தார். சொன்னேன்.

“நிச்சயமா?” என்றார்.

“நிச்சயம்னு சொல்ல முடியாது அத்தா. ஆனா அதே மாதிரிதான் இருக்கு.”

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அதன்பிறகு வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. குழம்பில் உப்புக் குறைவு என்பார், சட்டையில் பொத்தான் இல்லை என்பார். வாழை சாய்ந்ததற்கு மழையும் ஒரு காரணம்தானே என்று அம்மா ஒருமுறை எடுத்துக்கொடுத்தபோது, அத்தா என் பக்கம் பார்த்தார். நானும் ஆமாம் என்றேன். தண்ணீர் நிற்காத இடத்தில் நட்ட மோரீஸ் சிலது இன்னும் நின்றுகொண்டிருந்தது உண்மை. அது அவருக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை. அந்த வாரக் கடைசியில் கதவருகில் நின்று, நாளைக்கு மேலே போகிறோம் என்றார். நீயே சொல், எனக்கு அதைச் சொல்லத் தெரியாது என்றார்.

அந்தப் பெண்ணின் வாசலில் வாழை வைத்திருந்த குடும்பங்கள் கூடியிருந்தன. நான் கண்டதைச் சொன்னேன். நொதி என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, கிழங்கின் ஒட்டைக் கரைக்கும் ஒரு கிருமி என்றேன். இது வாய்க்கால் ஓரத்துப் பழைய கிருமி அல்ல, கன்றோடு வந்ததுபோலத்தான் தெரிகிறது என்றேன். முடித்துவிட்டு நான் அத்தாவைப் பார்க்கவில்லை. அவர் அன்று லாரியிலிருந்து இறங்கி, எல்லோருக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“தெரிஞ்சு கொண்டாரலீங்க” என்றார். “ஆனா கொண்டாந்தது நாந்தானுங்க.”

பின்னாலிருந்து ஒருவர், இதைச் சொல்ல இத்தனை மாதமா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் அதன்பிறகு எங்கள் மண்டிக்குத் தார் போடவே இல்லை. அந்தப் பெண் மட்டும் என்னிடம் திரும்பி, இதற்கு என்ன மருந்து என்றாள்.

எனக்கு அன்று மிகவும் கடினமாக இருந்தது அந்தக் கேள்விதான். மருந்து இல்லை என்று சொன்னேன். சாய்ந்ததையும் அதன் பக்கத்தில் உள்ளதையும் தோண்டி எரிக்க வேண்டும். சுண்ணாம்பு போட வேண்டும். தண்ணீர் வடிய வழி செய்ய வேண்டும். அந்த இடத்தில் கொஞ்சகாலம் வாழை கூடாது.

“அப்ப இத்தன நாளும் என்னத்தப் படிச்ச?”

அவள் கேலியாகக் கேட்கவில்லை. நான் கருவாழையில் கண்ட வளையத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். மோரீஸைவிட அது தாங்கும், சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்ளும் என்றேன். அவள் நம்பவில்லை. வாய்க்கால் ஓரத்தில் கருவாழையும்தானே சாய்ந்தது என்றாள். தண்ணீரில் நின்றால் அதற்கும் முடியாது என்றேன். மேட்டில் நட்டால் தாங்க வாய்ப்பு அதிகம், உறுதி சொல்ல மாட்டேன் என்றேன். சிறிய தாரை யார் வாங்குவார் என்று அவள் கணவர் கேட்டதற்கு, நான் வாங்குகிறேன் என்று அத்தா சொன்னார். சொல்லிவிட்டு லாரியிலிருந்து மண்வெட்டியை எடுத்தார். சுண்ணாம்பு மூட்டைகளையும் மண்டி ஆட்களையும் அவர் காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தோண்டி முடிக்கப் பல நாளாயிற்று. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் தோண்டினார். பழக்கமில்லாததால் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. சிலர் தோண்டச் சம்மதிக்கவில்லை. இருக்கிற தாரையாவது அறுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அடுத்த மழையில் அவர்கள் கொல்லையில்தான் அதிகம் சாய்ந்தது. ஆனால் தோண்டி எரித்த ஒருவருடையதும் சாய்ந்தது. ஏன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆத்தூர்க்காரர்கள் ரமலானுக்குப் பிறகு வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். வாழைக்கிழங்கு அழுகுவதைப் பற்றி என்று சொல்லி, ஆர்வத்தில் கொஞ்சம் கூடுதலாகவே விளக்கிவிட்டேன். அவர்கள் பதில் அனுப்பவில்லை. அம்மாவுக்கு வருத்தம். மேற்கொண்டு ஆராய்ச்சிக்குக் கோயம்புத்தூர் போக வேண்டும் என்று நான் கேட்டபோது, அத்தாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

அதற்கு முன்பு ஒருமுறை மலைக்குப் போயிருந்தேன். அந்தப் பெண்ணின் கொல்லையில் வாழை இருந்த சரிவில் சாமை நின்றது. மேட்டில் மட்டும் கருவாழைக் கன்றுகள் இலை விட்டிருந்தன. தோண்டுவதற்கு முன் அறுத்து அத்தாவுக்குப் போட்ட தாரில் மண்டியில் எடை குறைத்துவிட்டார்கள் என்று முதலில் என்னிடம் சண்டை பிடித்தாள். பிறகுதான் உட்காரச் சொன்னாள். நான் கிருமி இல்லாத, நொதிநீர் மட்டும் விட்ட கிழங்குத் துண்டு ஒன்றைக் கண்ணாடித் தட்டில் கொண்டுபோயிருந்தேன். மூடியைத் திறந்து கொடுத்தேன். அவள் பழுப்பு வளையத்தின்மேல் நகத்தை ஊன்றிப் பார்த்தாள்.

“கல்லாட்டமா இருக்குது” என்றாள். கொஞ்சம் கழித்து, “இப்படி ஆவறப்ப அதுக்கு நோவுமா கண்ணு?” என்றாள்.

தெரியவில்லை என்று சொன்னேன். அவள் தட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, மழை வருவதற்குள் பஸ்ஸைப் பிடிக்கச் சொன்னாள்.